நீ நினைக்கிற ஆள் நான் இல்லை

ராபர்ட் ஷெக்லியின் அறிவியல் கதைகளில் கிரிகோர், ஆர்னால்ட் என்று இரண்டு பேர் வருவார்கள். கிரகங்களைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லும், எப்போதும் கடனில் தத்தளிக்கும் கம்பெனியின் பங்காளிகள். 1955இல் வந்த ஒரு கதையில் பழைய உயிர்காப்புப் படகு ஒன்றை வாங்குகிறார்கள். சுயபுத்தி உள்ள படகு. வேற்றுக்கிரகத்தார் தங்கள் ஆட்களைக் காப்பாற்றுவதற்காகச் செய்தது. இவர்களையும் அந்த இனம் என்றே நினைத்து, அவர்களுக்குத் தோதான குளிரை வைக்கிறது, அவர்கள் சாப்பாட்டைப் போடுகிறது. இவர்களோ குளிரில் விறைக்கிறார்கள். படகில் பழுது இல்லை, அக்கறைக்கும் குறைவில்லை. ஆள்தான் வேறு.

சிரிப்புக் கதைதான். ஆனா உள்ளே ஒரு கேள்வி இருக்கு. நல்லது செய்யணும்னு நினைச்சா போதுமா? யாருக்குச் செய்யறோம்னு தெரிய வேண்டாமா?

புதுச்சேரிக்கு இது பழைய கேள்வி. 1881ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணைப்படி, தன் சமூகத்தின் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறவர் குடும்பப் பெயர் ஒன்றை ஏற்க வேண்டும். பொன்னுத்தம்பி பிள்ளை ‘லபோர்த்’ ஆனார். உரிமை தர வந்த சட்டம்தான். குடும்பப் பெயர் இல்லாத மனிதனை மட்டும் அதற்குத் தெரியாது. இன்றைக்கும் ஆன்லைன் படிவத்தின் ‘லாஸ்ட் நேம்’ கட்டத்தில் அப்பா பெயரையோ வெறும் புள்ளியையோ போட்டுத்தான் நாம் அடுத்த பக்கம் போகிறோம். அதை எழுதியவனும் என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆள்தான். அவனுக்கு நாம வேற்றுக்கிரகவாசி.

சுஜாதா இதற்கு நேர் எதிர். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்து அமுக்கலாம். நிமிடத்துக்கு ஐந்து ஓட்டுக்கு மேல் விழாது. பூத்தைக் கைப்பற்ற வருகிறவனையும் மனசில் வைத்துச் செய்த மெஷின். 2001 சட்டமன்றத் தேர்தலில் புதுச்சேரி முழுக்க அதில்தான் வாக்களித்தது.

அப்போ ஆளைத் தெரிந்தால் போதுமா? போதாது. அதே சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் அரசாங்கம் எல்லோரையும் கச்சிதமாகத் தெரிந்து வைத்திருக்கிறது. பெயர் இரண்டெழுத்து, குழந்தை பெற அனுமதி. அந்த உலகத்தில் நமக்குப் பிடித்துப்போவது ஜீனோ என்கிற இயந்திர நாய்தான். சொன்னதைச் செய்ய வேண்டியது, புத்தகம் படித்துவிட்டு எதிர்க்கேள்வி கேட்கிறது.

இன்னொருவரை முழுக்க அறிய யாராலும் முடியாது. ‘நீ நினைக்கிற ஆள் நான் இல்லை’ என்று அவர் சொல்ல ஒரு பட்டன் வைக்க முடியும். வாக்குப்பதிவு இயந்திரத்திலேயே ‘இவர்களில் யாரும் இல்லை’ என்கிற பட்டன் 2013இல், உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வந்தது. நாம எழுதுற படிவத்துக்கு எந்த நீதிமன்றமும் சொல்லப்போறதில்லை. நாமதான் வைக்கணும்.