பள்ளிவாசலில் அரசியல் பேசலாமா?

கேள்வி: எங்கள் மஹல்லா இமாம் ஜும்ஆ பயானில், "வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்" என்றார். தொழுகை முடிந்ததும் சிலர், "அல்லாஹ்வின் வீட்டில் அரசியல் எதற்கு?" என்று அவரிடம் சத்தம் போட்டார்கள். யார் செய்தது சரி?

– வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: இமாம் செய்ததே சரி.

மதீனாவில் நபிகளார் (ஸல்) எழுப்பிய பள்ளிவாசல் தொழுகைக்கு மட்டுமானதாக இருக்கவில்லை. வீடு வாசல் இல்லாத திண்ணைத் தோழர்கள் அங்கேதான் தங்கி மார்க்கம் கற்றார்கள். நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவத் தூதுக்குழுவினரை நபிகளார் அங்கே வைத்தே சந்தித்ததாக இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். கலீஃபாவாகப் பொறுப்பேற்ற அபூபக்ர் (ரலி) அவர்களும், தாம் சரியாக நடந்தால் உதவும்படியும் தவறினால் திருத்தும்படியும் அந்தப் பள்ளியில் கூடிய மக்களைத்தான் கேட்டுக்கொண்டார்கள். ஆள்பவரைத் திருத்தும் பொறுப்பு மக்களுக்கு உண்டு என்பதை நம் முன்னோர் பள்ளிவாசலில்தான் கேட்டார்கள்.

ஆனால், "இந்தச் சின்னத்துக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று மிம்பரில் சொல்லக் கூடாது. குத்பா நடக்கும்போது வாய் திறக்காமல் கேட்பது நம் கடமை. மறுத்துப் பேச முடியாதவர்கள் முன் ஒரு கட்சிக்கு ஆள் சேர்ப்பது அநீதி; ஜமாஅத்தையும் அது இரண்டாக்கிவிடும். வழிபாட்டுத் தலங்களை அரசியல் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவதை 1988ஆம் ஆண்டுச் சட்டமும் தேர்தல் நடத்தை விதிகளும் தடுக்கின்றன.

பெயர் சேர்க்கும் வேலை பிரசாரம் அல்ல. வாக்காளர் அட்டையில் 'முகம்மது', ஆதாரில் 'முஹம்மத்', ரேஷன் கார்டில் 'மொகமது' என்று ஒரே மனிதருக்கு மூன்று பெயர்கள் இருப்பதை நம் தெருக்களில் பார்க்கிறோம். வாக்காளர் பட்டியலில் அதைத் திருத்த எட்டாம் எண் படிவம், 18 வயது நிறைந்த பிள்ளைகளின் பெயரைச் சேர்க்க ஆறாம் எண் படிவம் என்று சொல்லித்தர ஆள் இல்லாமல் எத்தனையோ தாய்மார்கள் அலைகிறார்கள். ஜும்ஆவுக்குப் பிறகு வாசலில் ஒரு மேசை போட்டு, படித்த இளைஞர்கள் இருவரை உட்கார வையுங்கள். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள்.

தெருவிலுள்ள எல்லாச் சமயத்தவருக்கும் அந்த மேசை உதவட்டும். 2015 சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் சமயம் பார்க்காமல் மக்களுக்கு இடம் கொடுத்தன. சாதாரண நாளிலும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. நமக்கே பாதகமாக இருந்தாலும் நீதியின் பக்கம் நிற்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அரசிடம் கணக்குக் கேட்கச் சொல்லும் ஜமாஅத், பைத்துல்மால் வரவு செலவைத் தன் அறிவிப்புப் பலகையில் முதலில் ஒட்ட வேண்டும்.

சத்தம் போட்ட சகோதரர்களிடம் கோபப்படாதீர்கள். முத்தவல்லியின் முன்னிலையில் அவர்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள். இமாமைத் தனியாக நிற்க விடாதீர்கள். வரும் வெள்ளிக்கிழமையே அந்த மேசையைப் போடுங்கள்.