காணிக்கைப் பெட்டிக்கு எந்தப் பூட்டு?

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். நம் ஊர்க் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் அடித்துச் செய்யும் பூட்டுகள் எத்தனையோ கோயில் கதவுகளையும் உண்டியல்களையும் காத்து நிற்கின்றன. 2019-ஆம் ஆண்டு அப்பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் ஆலயங்களின் காணிக்கைப் பெட்டிகளிலும் அதையே காண்கிறோம். உள்ளே விழுந்த பணம் வெளியே களவு போகாதபடி அது காவல் செய்கிறது. ஆனால் வெளியே களவாடப்பட்ட பணம் உள்ளே வந்து விழாதபடி காவல் செய்யும் பூட்டு ஒன்று உண்டா?

இக்கேள்வி நமக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் நம் சமவெளியிலுள்ள சிற்றூர் ஒன்றில், நாம் உறுப்பினராயிருந்த ஊர்க்கூட்டத்தில் எழுந்தது. கோயிலின் பழைய மணிக்கூண்டு வெடித்துப்போயிருந்தது. புதிதாகக் கட்டப் பணமில்லை. தொடர்ந்து பொய்த்த மழையில் உழவர்களிடம் வரி வசூலிக்கவும் மனம் வரவில்லை. அவ்வேளையில், அவ்வட்டாரத்தில் கல்குவாரி நடத்திவந்த செல்வர் ஒருவர் முழுச் செலவையும் தாமே ஏற்பதாகச் சொல்லியனுப்பினார். அவர் கேட்டவை இரண்டே: வாசலில் தம் பெயர் பொறித்த கல், திருவிழாவன்று திறப்பு விழா. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது என்பதை யாவரும் அறிவர், எவரும் சொல்லவில்லை. கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது.

அப்போது பின்வரிசையில் இருந்த முதிய உழவர் ஒருவர் எழுந்தார். "மணிக்கூண்டு வரட்டும் சாமி, வேணாங்கல. வெடி வச்சு எங்க கெணறு இடிஞ்சு கெடக்கே, அதுக்கு மொதல்ல என்ன செய்யப் போறாருன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். பங்குத்தந்தை எங்களைப் பார்த்தார்; நாங்கள் தரையைப் பார்த்தோம். கூட்டம் செபத்துடன் முடிந்தது.

அம்முதியவரின் கேள்வி ஓர் இடிந்த கிணற்றோடு முடிவதன்று. சிற்றூரில் மங்கலாகத் தெரியும் ஒன்று, பெருஞ்செல்வமும் பேரதிகாரமும் கைகோக்கும் இடத்தில் வெட்டவெளிச்சமாகத் தெரியும். அத்தகைய இடம் ஒன்று நமக்கு வடக்கே, கருநாடக மாநிலத்தில் இருக்கிறது. அதன் பெயர் பெல்லாரி.

பெல்லாரியின் படிப்பினை

காவல்துறைக் கடைநிலைக் காவலர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் காலி சனார்த்தன ரெட்டி. முதலில் சேமிப்பு நிதி நிறுவனம் ஒன்றை நடத்தினார், அது நிலைக்கவில்லை. 1999-இல் பெல்லாரி மக்களவைத் தொகுதியில் சோனியா காந்தியும் சுசுமா சுவராசும் மோதியபோது, ரெட்டி சகோதரர்கள் பின்னவருக்காக உழைத்து அரசியலில் கால் ஊன்றினர். சில ஆண்டுகளில் ஆந்திர எல்லையில் ஓபுலாபுரம் சுரங்க நிறுவனம் தழைத்தது. 2008-இன் பெய்சிங் ஒலிம்பிக் போட்டிகளுக்கு முந்திய ஆண்டுகளில் சீனாவின் தேவையால் இரும்புத்தாதின் விலை வானளாவ உயர, பெல்லாரியின் செம்மண் பொன்னாயிற்று. 2008-இல் கருநாடகத்தில் அமைந்த அரசில் சனார்த்தன ரெட்டி சுற்றுலாத்துறை அமைச்சர்; அவர் தமையனார் வருவாய்த்துறை அமைச்சர். 2009-இல் சகோதரர்கள் முரண்டு பிடித்தபோது முதலமைச்சரின் நாற்காலியே ஆட்டம் கண்டது.

வணிகத்திலிருந்து அரசியலுக்கு வருவது குற்றமன்று. அரசியல் வணிகத்தின் வேலியாக மாறும்போதுதான் குற்றம் தொடங்குகிறது. 2011 சூலையில் கருநாடக லோக் ஆயுக்தா நீதியரசர் சந்தோசு எக்டே அளித்த அறிக்கை, சட்டத்துக்குப் புறம்பான சுரங்கத் தொழிலால் அரசுக்கு நேர்ந்த இழப்பை 16,085 கோடி ரூபாய் எனக் கணக்கிட்டது. முதலமைச்சர் பதவி விலகினார். அதே ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சனார்த்தன ரெட்டியை மத்தியப் புலனாய்வுத்துறை கைது செய்தது. குத்தகைக்கு விடப்பட்ட எல்லையைத் தாண்டிக் காட்டைத் தோண்டினார்கள். இரு மாநிலங்களுக்கிடையே நின்ற எல்லைக் குறிகளையே கலைத்தார்கள் என்பன குற்றச்சாட்டுகள். 2025 மே 6 அன்று ஐதராபாத்திலுள்ள சிறப்பு நீதிமன்றம் அவருக்கும் வேறு சிலருக்கும் ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. தண்டனை பெற்றவர்களுள் சுரங்கத்துறையின் முன்னாள் இயக்குநரும் ஒருவர். அடுத்த மாதமே தெலங்கானா உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டின் பொருட்டு அத்தண்டனையை நிறுத்திவைத்தது.

இறுதித் தீர்ப்பு நீதிமன்றங்களின் பொறுப்பு. நம் சிந்தனைக்குரியது வேறொன்று. புகழின் உச்சியிலிருந்த 2009-இல் அவர் திருப்பதி ஏழுமலையானுக்கு வைரம் பதித்த பொன்முடி ஒன்றைக் காணிக்கையாக்கினார். அதன் மதிப்பு நாற்பது கோடி ரூபாய்க்கு மேல் என்று செய்தித்தாள்கள் எழுதின. அவர் கைதானபின், அம்முடியைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்ற குரல்கள் அப்பக்தர்களிடையேயே எழுந்தன. பிற சமயத்தாரின் கோயிலைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. நம் மணிக்கூண்டின் கதையை முன்னமே சொல்லிவிட்டோம். கடவுளை அறிந்தவர் எவரும் உள்ளத்தில் ஒருமுறையேனும் கேட்கும் கேள்வி அது: எல்லைக்கல்லை நகர்த்தியதாகக் குற்றம் சாட்டப்படும் கை முடி சூட்டினால், இறைவன் அதைச் சூடிக்கொள்வாரா?

இது பெல்லாரிக்கு மட்டும் உரிய கதையன்று. 1991-இல் சோவியத்து ஒன்றியம் கலைந்தபோது உக்ரைனில் பொதுச்சொத்தாயிருந்த ஆலைகளும் சுரங்கங்களும் சிலர் கைகளில் குவிந்தன. அவர்கள் வங்கிகளையும் தொலைக்காட்சி நிலையங்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் தம் வசமாக்கிக்கொண்டனர். அவர்களுள் ஒருவரான இகோர் கொலோமோய்சுகி 2014-இல் ஒரு மாநிலத்தின் ஆளுநராகவே அமர்ந்தார். 2016-இல் அவர் பங்குதாரராயிருந்த பிரைவேட் வங்கியை அரசு ஏற்றபோது, அதன் கணக்கில் ஏறத்தாழ 550 கோடி டாலர் பள்ளம் கண்டுபிடிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் அவர் கைதானார். மொழியும் நாடும் வேறு, பாதை ஒன்றே. பொதுப்பொருள் தனிப்பொருளாகிறது, தனிப்பொருள் பதவியாகிறது, பதவி அப்பொருளுக்குப் பூட்டாகிறது.

நாபோத்தும் ஊர்ப்பெரியோரும்

விவிலியம் இதை நன்கறியும். அரசர்கள் முதல் நூலின் 21-ஆம் அதிகாரத்தில் வரும் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நமக்கு விளக்கத் தேவையில்லை. சிறுமலை அடிவாரத்தில் பந்தலிட்டுத் திராட்சை வளர்க்கும் நம் மக்களுக்குத் தோட்டம் என்பது நிலம் மட்டுமன்று, முன்னோரின் வியர்வை. அத்தோட்டத்தை ஆகாபு அரசன் வாள்கொண்டு பறிக்கவில்லை என்பதைக் கவனிப்போம். ஈசபேல் மடல் எழுதினாள். அரச முத்திரை இட்டாள். பொய்ச்சான்று கூற இருவரை அமர்த்தினாள். வழக்கு முறைப்படி நடந்தது. அம்மடல் யாருக்குப் போயிற்று? நாபோத்தின் சொந்த ஊர்ப்பெரியோருக்கு. அவர்கள் மறுக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயர் புனித அம்புரோசு இவ்வரலாற்றைப் பற்றித் தனி நூலே எழுதி, அதைத் தம் காலத்தில் அன்றாடம் நிகழ்வதாகக் கண்டார். எல்லாக் காலத்திலும் ஆகாபுகள் சிலரே. வாய்மூடியிருந்த ஊர்ப்பெரியோர் எண்ணிக்கையே பெரிது. அக்கூட்டத்தில் தரையைப் பார்த்த நாமும் அவர்களுள் அடங்குவோம்.

சீராக் நூலின் 34-ஆம் அதிகாரம் இன்னும் கூர்மையானது. ஏழையின் பொருளைப் பறித்துப் பலி ஒப்புக்கொடுப்பதை, மகனை அவன் தகப்பன் கண்ணெதிரே கொல்வதற்கு ஒப்பாகவே ஞானி காண்கிறார். பறிகொடுத்தவன் கடவுளின் மகன். பலிபீடத்தில் கடவுள் காண்பது காணிக்கையை அன்று, தம் பிள்ளையின் குருதியை.

ஓர் எதிர்வாதம்

"தீய வழியில் வந்த பணம் தீய வழியிலேயே செலவாவதைவிட, கோயிலுக்கோ ஏழைக்கோ வந்து சேர்வது நல்லதல்லவா? ஒவ்வொரு ரூபாயின் பிறப்பையும் ஆராய்ந்துகொண்டிருந்தால் எந்தக் கோயில் எழும்பும்?" என்று கேட்பவர் உண்டு. இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. நாம் வழிபடும் பழைய ஆலயங்களின் ஒவ்வொரு கல்லும் எவர் கொடையென்று நமக்குத் தெரியாது. காணிக்கைத் தட்டை ஏந்திவரும் சிறுவன் கணக்கு கேட்க முடியாது.

புனித தாமசு அக்குவினார் இதற்கு நிதானமான விடை தந்திருக்கிறார். ஒருவனிடமிருந்து அநீதியாக எடுத்தது அவனுக்கே உரியது. அதைக்கொண்டு தருமம் செய்ய எடுத்தவனுக்கு உரிமையில்லை. திருப்பிக் கொடுப்பதே கடன். உரியவர் யாரென்று தேடியும் அறிய முடியாதபோதுதான் அது ஏழைகளுக்குச் செல்லலாம். ஆகவே கேட்க வேண்டிய முதற்கேள்வி "பணம் நல்லதா, கெட்டதா?" என்பதன்று; "இது யாருடையது?" என்பதே. பெயரறியாத தட்டில் விழும் நாணயத்துக்கு இக்கேள்வி பொருந்தாது. ஆனால் உரியவன் பின்வரிசையில் எழுந்து நின்று "என் கிணறு" என்று சொல்லும்போது, தெரியாது என்று நாம் எப்படிச் சொல்வோம்?

சக்கேயுவின் வீட்டில்

இங்கே நற்செய்தி நம்மை ஓர் ஆழமான உண்மைக்கு அழைத்துச் செல்கிறது. எரிகோவின் வரிதண்டுவோர் தலைவர் சக்கேயு அக்காலத்துப் பெருஞ்செல்வர். அவர் செல்வம் உரோமை அதிகாரத்தின் நிழலில் திரண்டது. இயேசு அவரை விலக்கவில்லை. தாமாகவே அவர் வீட்டுக்கு விருந்தினராகச் சென்றார். ஆயினும் லூக்கா நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்தை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். இயேசு அவரிடம் எதையும் கேட்கவில்லை. எருசலேம் கோவிலுக்கென்று ஒரு செப்புக்காசும் பேசப்படவில்லை. சக்கேயு தாமே எழுந்து நின்று சொன்னவை இரண்டு: உடைமையில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி எடுத்தது நான்கு மடங்காக உரியவருக்கு. அதன்பின்னரே அவ்வீட்டுக்கு மீட்பு வந்ததாக ஆண்டவர் அறிவித்தார்.

சக்கேயு ஒரு தொழுகைக்கூடம் கட்டித்தர முன்வந்து, ஊர்ப்பெரியோர் மாலையிட்டு அதை ஏற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எரிகோவில் ஓர் அழகிய கட்டடம் எழுந்திருக்கும். ஏமாந்தவர்கள் ஏமாந்தபடியே இருந்திருப்பார்கள். சக்கேயுவோ தம் கடன் தீர்ந்தது என்று எண்ணி நிம்மதியாக உறங்கியிருப்பார். திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் காணிக்கையாக ஏற்பவர்கள் இரண்டு பேரை வஞ்சிக்கிறார்கள்: இழந்தவனின் பொருளை அவனுக்குக் கிடைக்காதபடி செய்கிறார்கள், எடுத்தவனின் மனமாற்றத்தை அவனிடமிருந்து பறிக்கிறார்கள். அவனுக்கு நாம் மாலை சூட்டுவதாக எண்ணுகிறோம். உண்மையில் மீட்பின் வாசலைச் சாத்துகிறோம்.

வாக்குச்சாவடிக்கும் இதே நீதி பொருந்தும். 2009 சனவரியில் நம் அண்டை மாவட்டத்துத் திருமங்கலத்தில் நடந்த இடைத்தேர்தலுக்குப் பின், வாக்குக்குப் பணம் தருவதற்கு அவ்வூர்ப் பெயரே அடைமொழியாயிற்று. வாங்குகிற கையில் அந்த நோட்டு கொடையாகத் தோன்றலாம். ஆனால் மணலாகவும் கல்லாகவும் தாதாகவும் நம்மிடமிருந்தே எடுக்கப்பட்டதில் ஒரு துளியே நமக்குத் திரும்பி வருகிறது. அதற்கு விலையாக எஞ்சியதைக் கேட்கும் உரிமையை நாம் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். உலகின் செல்வங்கள் எல்லா மனிதருக்குமென்று படைக்கப்பட்டவை என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் போதித்தது, ஞாயிறு மறையுரைக்கு மட்டும் உரிய செய்தியன்று.

ஆகவே நாம் என்ன செய்யலாம்? செல்வரை ஆலய வாசலில் தடுக்கச் சொல்லவில்லை. ஆண்டவரே அவர் வீட்டுக்குச் சென்றார். ஆனால் கொடைக்குக் கல்வெட்டு வேண்டாம். பீடத்தருகே பொன்னாடை வேண்டாம். தேர்தல் நாளில் திறப்பு விழா வேண்டாம். பெருங்கொடை வரும்போது, அதை ஏற்குமுன் பங்குப் பேரவையில் ஒருவரேனும் எழுந்து, "இதில் எவருக்கேனும் சேரவேண்டியது உண்டா?" என்று அன்போடு கேட்கட்டும். நம் காணிக்கைப் பெட்டிக்குத் தேவையான இன்னொரு பூட்டு அக்கேள்விதான். அதை எந்தப் பட்டறையும் செய்து தராது. நம் மனச்சான்றே செய்ய வேண்டும்.

மணிக்கூண்டு எழும்பிவிட்டது; வாசலில் பெயரும் பொறிக்கப்பட்டுவிட்டது. அம்முதியவர் முன்போலவே திருப்பலிக்கு வருகிறார். எங்களிடம் முகங்கோணாமல் பேசுகிறார். கிணறு இன்றும் தூர்ந்தே கிடக்கிறது. அன்றைக்கு நாம் அந்தச் செல்வரிடம் சென்று முதியவரின் கேள்வியைச் சொல்லியிருந்தால், அவர் முதலில் கிணற்றைக் கட்டிக் கொடுத்திருக்கவும் கூடும். அவரும் மனிதர்தாம், சக்கேயுவைப்போல் ஒருநாள் எழுந்து நிற்கக் கூடியவர்தாம். அந்த வாய்ப்பை அவருக்கு மறுத்தவர்கள் நாம். மூவேளைச் செபத்துக்கு மணி ஒலிக்கும்போதெல்லாம், நாம் கேட்காமல் விட்ட அக்கேள்வியையும் சேர்த்தே அது ஒலிக்கிறது.