காண்டலும் கருதலும்

ஒன்றை அறிதற்குரிய வாயில்களை நம் முன்னோர் அளவை என்றனர். அவற்றுள் தலையாயவை மூன்று. கண்ணாரக் காண்பது காண்டல். புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கார் கூறக் கேட்டு ஏற்பது உரை. சைவ சித்தாந்த நூல்கள் விரித்துப் பேசும் இப்பாகுபாடு பண்டிதர்க்கு மட்டும் உரியதன்று. தொழில் நிமித்தம் பிற மாநிலங்களில் வாழும் நாம், ஊரிலுள்ள பெற்றோரின் முகத்தை இன்று இணையத்தின் வழியே காண்கிறோம். அந்த இணையம் நின்றுபோகும் மாலைப் பொழுதுகளில் நாம் அனைவரும் அளவை பயிலும் மாணாக்கரே.

ரூட்டர் இயங்கவில்லை எனில் நாம் முதலில் செய்வது யாது? அணைத்துவிட்டு மீண்டும் போடுகிறோம். பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. "மின்சாரம் ஏறி இறங்கியிருக்கும்" என்று ஒரு காரணமும் சொல்லிவிடுகிறோம். ஆனால் அணைத்துப் போடுகையில் பல செயல்கள் ஒருங்கே நிகழ்கின்றன. பெட்டியின் தற்காலிக நினைவகம் துடைக்கப்படுகிறது. இணைய முகவரி மீண்டும் பெறப்படுகிறது. வைஃபை வேறோர் அலைவரிசையைத் தேர்ந்துகொள்ளவும் கூடும். இவற்றுள் எது பிணியைத் தீர்த்தது என்பதை நாம் அறியோம். நோய் நீங்கிற்று, அதன் காரணம் தெரியவில்லை.

காரணத்தைக் காண விழைவோர் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தல் வேண்டும். ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்னும் சிவப்பு விளக்கு எரிந்தால், ஒளிக்குறி அப்பெட்டிக்கு வந்து சேரவில்லை என்பது பொருள். வைஃபையின் அமைப்புகளை எத்தனை முறை மாற்றினும் பயனில்லை. அவ்விளக்கு எரியாதபோது கணினியைக் கேபிள் கொண்டு நேரே இணைத்துப் பார்க்கலாம். கேபிளில் இணையம் வந்து வைஃபையில் வராவிடின், குறை எப்பக்கம் என்பது தெளிவாகும். இன்னும் சுவையான சான்று சமையலறையில் உள்ளது. மைக்ரோவேவ் அடுப்பும், வைஃபையின் இரு பெரும் அலைப்பிரிவுகளுள் ஒன்றும் ஏறத்தாழ ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்குவன. அடுப்பை இயக்கினால் இணைப்பு தடுமாறுகிறது, நிறுத்தினால் சீராகிறது, பத்து முறை செய்தாலும் அவ்வாறே நிகழ்கிறது எனில், கருதல் அங்கே காண்டலுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. பழுது பார்க்க வருபவர் இச்சோதனைகளுள் ஒன்றும் செய்யாது "பெட்டியையே மாற்ற வேண்டும்" என்றால் நாம் எளிதில் இசைவதில்லை. செலவு நம்முடையதன்றோ!

பெட்டிக்கு இத்துணைக் கண்டிப்பு காட்டும் நாம், மனிதனைப் பற்றிய காரணங்களைக் கேட்கும்போது மட்டும் ஏனோ இளகிவிடுகிறோம். மனித இனத்தின் பரிணாமம் பற்றிய எளிய அறிவியல் நூல்களை நம்மில் பலர் விரும்பிப் படிக்கின்றனர், படிக்கவும் வேண்டும். மனிதனும் வாலில்லாக் குரங்குகளும் ஒரு பொது மூதாதையின் வழி வந்தோர் என்பதை எலும்பும் மரபணுவும் ஒருமுகமாகக் காட்டுகின்றன, அதில் ஐயமில்லை. ஐயம் எழுவது, இன்ன குணம் இன்ன காரணத்தால் வந்தது என்னும் கதைகளில்தான். கடந்த காலத்தை அணைத்துப் போட்டுப் பார்க்க இயலாது. புதைந்து கிடப்பது வெளிப்படும் வரை கருதலே நமக்குத் துணை.

அத்துணை எவ்வளவு வழி தவறக்கூடும் என்பதற்கு இங்கிலாந்தின் பில்ட்டவுன் மண்டையோடு சான்று. மூளை முதலில் பெருத்தது, பிறகே ஏனைய மாற்றங்கள் வந்தன என்று அறிஞர் பலர் எண்ணியிருந்த காலம் அது. 1912-இல் அவ்வெண்ணத்துக்கு ஏற்ற மண்டையோடு ஒன்று வெளிப்பட்டதும் மகிழ்ந்து ஏற்றனர். மனித மண்டையோடும் குரங்கின் தாடையும் சேர்த்துச் செய்த மோசடி அது என 1953-இல் வெளியாயிற்று. இடையில், தென்னாப்பிரிக்காவின் டாங் என்னுமிடத்தில் 1924-இல் கிடைத்த உண்மையான குழந்தை மண்டையோட்டை, மூளை சிறிது என்பதனால் பலர் புறந்தள்ளினர். 1974-இல் எத்தியோப்பியாவில் கிடைத்த 'லூசி', ஏறத்தாழ 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே சிறு மூளையுடையோர் இரு காலில் நடந்ததைக் காட்டியது.

அறிவியல் தன் பிழையைத் திருத்திக்கொண்டது. நம் வீடுகளின் நிலை வேறு. "ஆண் வேட்டைக்குச் சென்றவன், தொலைவில் ஓடும் மான் அவன் கண்ணில் படும், அலமாரியில் இருக்கும் கடுகு டப்பா படாது. பெண் குகையைக் காத்தவள்" என்று விருந்தினர் நடுவே நகைச்சுவையாகச் சொல்லப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். அலுவலகம் சென்று களைத்து வந்தவள் எழுந்துபோய் அந்த டப்பாவை எடுத்துத் தருகிறாள். கருதல் அங்கே உரையாகிவிட்டது. அதுவும் ஆணையிடும் உரை.

1966-இல் சிகாகோவில் 'வேட்டையாடும் மனிதன்' என்னும் தலைப்பில் கூடிய ஆய்வரங்கிலேயே இக்கதைக்கு மறுப்பு இருந்தது. அதை நடத்தியோருள் ஒருவரான ரிச்சர்ட் லீ, தாம் ஆராய்ந்த கலஹாரி குங் மக்களின் உணவில் பெரும்பகுதி தாவர உணவே என்று காட்டினார். அதைத் திரட்டியோர் பெரும்பாலும் பெண்டிர்; அவர்கள் குகையில் காத்திருக்கவில்லை. பெரு நாட்டில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் இளம்பெண் ஒருத்தி வேட்டைக் கருவிகளோடு கிடத்தப்பட்டிருந்தாள் என 2020-இல் ஆய்வாளர் அறிவித்தனர். இதைக் கொண்டு பெண்டிரே எங்கும் வேட்டையாடினர் என்று கதையைக் கவிழ்த்துச் சொல்வதும் அதே பிழையாம்.

ஒருகால் பழைய கதை முற்றும் மெய்யே எனக் கொள்வோம். தொடக்கத்தில் இருந்தது என்பதால் ஒன்று என்றும் இருக்க வேண்டுமோ? புதிய ரூட்டர் வாங்கினால், ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றுக என்பதே முதல் அறிவுரை. பெட்டியளவில் அதை ஐயமின்றி ஏற்கிறோம்.

மகள் மின்னணுப் பொறியியல் படித்திருந்தும், இணையம் நின்றால் மகனையே கூவி அழைக்கும் வீடுகள் நம்மிடையே உள்ளன. வந்து நிற்கும் மகனும் அணைத்துத்தான் போடுகிறான்.