எழுந்து நடத்தல் யார் கடன்?

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்ணை உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வதே அன்பு என்று பல குடும்பங்கள் கருதுகின்றன. குடம் தூக்காதே, மாடிப்படி ஏறாதே, அடுப்படிக்கு வராதே என அடுக்கப்படும் விலக்குகளில் பரிவு மெய்யாகவே உண்டு எனினும், அப்பரிவு அவளது இதயத்துக்கு நன்மை செய்கிறதா என்பது தனியே ஆராயத்தக்கது.

சிகிச்சையே சில வேளைகளில் இதயத்தைத் தாக்குகிறது. டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள், உடலில் ஏறிய மொத்த அளவு கூடக்கூட, இதயத் தசையை நலிவிக்கக்கூடும். டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து, இதயம் குருதியை உந்தும் திறனைக் குறைக்கலாம், மருந்தை நிறுத்தினால் அது பெரும்பாலும் மீள்கிறது. இடப்பக்க மார்புக்குத் தரப்படும் கதிர்வீச்சு இதயத்தின் குருதிக்குழாய்களையும் எட்டக்கூடும். இவற்றோடு அமர்வு வாழ்க்கையும், அதாவது விழித்திருக்கும் பொழுதின் பெரும்பகுதியை உட்கார்ந்தோ சாய்ந்தோ கழிக்கும் பழக்கமும், சேரும்போது இதயத்தின் சுமை கூடுகிறது. லண்டன் மாடிப் பேருந்துகளில் இருக்கையை விட்டு எழாத ஓட்டுநர்களைவிட, நாள் முழுதும் மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்பதை ஜெர்ரி மாரிஸும் உடனாய்வாளர்களும் 1953இலேயே வெளியிட்டனர்.

மெய்யியல் சிக்கல் இங்கே எழுகிறது. உடலை இழிவெனத் தள்ளும் நோக்கை மறுத்து, உடலைப் பேணுவதே உயிரைப் பேணும் வழி என்று திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் நிறுவுகிறார். பேணுதல் கடனாயின், பேண இயலாதவள் குற்றவாளியா? மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1978இல் வெளியிட்ட நூலில், நோயை நோயாளியின் குணத்தோடு முடிச்சிடும் வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். நோயை வினைப்பயன் என்று சொல்லி நோயாளியைத் தலைகுனிய வைக்கும் பேச்சுக்கும் அவ்வெதிர்ப்பு அப்படியே பொருந்தும். சிகிச்சைக்குப்பின் நெடுநாள் நீடிக்கும் அயர்ச்சி, உறங்கி எழுந்தும் தீராத தளர்ச்சியாகும். அதைச் சோம்பல் என்று கடிவது கொடுமை.

ஆகவே கடனை அவள் தலையில் மட்டும் ஏற்றுவது முறையன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைத்து, இயலாதோர் இயன்ற அளவில் தொடங்கினாலும் பயனுண்டு என்கிறது. அந்த இயன்ற அளவு, மருத்துவர் இதயத்தைச் சோதித்துச் சொல்வதைப் பொறுத்தும், மாலையில் அவளோடு தெருமுனை வரை நடந்துவர வீட்டில் ஒருவர் முன்வருவதைப் பொறுத்துமே அமைகிறது. அவளை உட்கார வைத்த அன்புக்கே அவளை எழுப்பி உடன் நடக்கும் பொறுப்பும் உரியது.