ஏட்டில் ஏறாத உழைப்பு

முதுமையிற் கிடைக்கும் பணம் உழைப்பின் ஊதியமா, கருணையின் கொடையா?

மலையகத்தின் முந்திய தலைமுறைத் தாய், குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுக் கொழுந்து பறிக்கச் சென்றாள். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த ஊழியர் சேமலாப நிதியை 50 வயதிற் பெற்றாள். உழைப்போ ஓயவில்லை.

இன்று மகள் கட்டுநாயக்காவில் ஆடை தைக்கிறாள். அவள் குழந்தையை லயத்தில் வளர்ப்பவள் பாட்டியே. மகளின் கணக்கில் அவள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் சேர்கின்றன. அவ்வுழைப்புக்கு வழிவகுத்த பாட்டியின் பெயரில் ஒரு சதமும் சேர்வதில்லை.

இதனைப் பாசம் என்பர் சிலர். பாசம் மெய்யே, ஆயின் பாசத்தைக் காட்டிக் கடனை மறைப்பது நீதியன்று. பிள்ளை வளர்ப்பின் பயனை நுகர்வது சமுதாயம் முழுவதும். அவ்வுழைப்பை ஏட்டில் எழுத மறுக்கும் சமுதாயம், தாய்மையைப் போற்றுவதாகக் கூறுவதிற் பொருளுண்டோ?