சராசரியில் அழியும் எழுத்து

புகையிலை பயிரிட்ட ஊர்க்காரர்களுக்குத் தேமல் நோய் தெரியும். இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகப் படரும். அதை உண்டாக்கும் வைரஸை 1939இல் ஜெர்மனியில் ஹெல்முட் ருஸ்காவும் இரு சகாக்களும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மெல்லிய குச்சிகளாகப் படம்பிடித்தார்கள். அந்த நுண்ணோக்கியை உருவாக்கியவர்களில் ஒருவர் அவருடைய அண்ணன் எர்ன்ஸ்ட் ருஸ்கா. ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அருகிலுள்ள யூலிஷ் ஆய்வு மையமும் சேர்ந்து நடத்தும் நுண்ணோக்கி மையத்துக்கு இன்று அவர் பெயர்.

அந்தக் குச்சி ஆர்.என்.ஏ.வும் புரதமும் பிணைந்த கூட்டு. ஏறக்குறைய 6400 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழை, அதைப் பொதிந்து, ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற சுமார் 2130 புரதங்கள் சுருள் படிக்கட்டாக ஏறுகின்றன. ஒவ்வொரு புரதமும் மூன்று எழுத்துகளைப் பிடித்திருக்கிறது. இழை நடுத்துளையில் இல்லை, புரதங்களுக்குள் புதைந்திருக்கிறது என்று 1950களில் எக்ஸ் கதிர் கொண்டு காட்டியவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். இந்த வைரஸின் மாதிரி 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. கண்காட்சி திறப்பதற்கு முதல் நாள் அவர் இறந்துபோனார்.

இன்று இத்தகைய கூட்டுகளைச் சட்டென்று உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். எலக்ட்ரான்களை அதிகம் பாய்ச்சினால் பார்க்கும் பொருளே சிதைந்துவிடும். குறைத்தால் படம் முழுக்க இரைச்சல். எனவே ஆயிரக்கணக்கான, சில சமயம் லட்சக்கணக்கான மங்கல் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுக்கிறார்கள். இரைச்சல் அடங்கி உருவம் எழுகிறது. 2017ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு இந்த முறைக்குத்தான்.

தேமல் வைரஸில் இதற்கு ஒரு விலை உண்டு. 2130 இடங்களையும் அடுக்கிச் சராசரி எடுத்தால் புரதம் துல்லியமாகத் தெரிகிறது. இழையின் முதுகெலும்பும் தெரிகிறது. ஆனால் ஓரிடத்தில் உள்ள எழுத்து அடுத்த இடத்தில் இல்லை. எல்லாம் கலந்து ஒரு பொது எழுத்தாகிவிடுகின்றன. அந்த வைரஸை அந்த வைரஸாக்கும் செய்தி அந்தப் படத்தில் இல்லை. படம் பொய்யா? இல்லை. அது எல்லா இடங்களையும் பற்றிய உண்மை. எந்த ஓர் இடத்தையும் பற்றிய முழு உண்மை அல்ல.

ஆஹெனுக்கு வடக்கே ஹைன்ஸ்பெர்க் மாவட்டத்தில் காங்கெல்ட் என்ற ஊர் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் அங்கே நடந்த கார்னிவல் விழாவுக்குப் பின் கொரோனா பரவியது. பான் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து, தொற்றியவர்களில் 0.36 சதவீதத்தினர் இறந்ததாகக் கணித்தார்கள். மருத்துவமனைப் படுக்கைகளைத் திட்டமிட அந்த எண் தேவை. ஆனால் யாரும் 0.36 சதவீதம் சாவதில்லை. முதியவருக்கு அது பல மடங்கு, இளைஞருக்கு மிகச் சொற்பம், போனவரின் வீட்டுக்கு நூறு சதவீதம்.

ஆகவே என் கேள்வி சராசரி சரியா தவறா என்பதல்ல. அது இல்லாமல் நமக்குப் பார்வையே இல்லை. பலரிடமிருந்து எடுத்ததை ஒருவர்மேல் தீர்ப்பாக இறக்க எப்போது உரிமை வருகிறது என்பதே கேள்வி.

ஜெர்மனியில் வீடு தேடிய எவருக்கும் ஷூஃபா மதிப்பெண் தெரியும். உங்களைப் போன்றவர்கள் கடனை எப்படித் திருப்பினார்கள் என்பதிலிருந்து நீங்கள் எப்படித் திருப்புவீர்கள் என்று அது ஊகிக்கிறது. அந்த எண்ணையே பெரிதும் நம்பி ஒருவருக்குக் கடன் மறுக்கப்பட்டால், அந்த மதிப்பெண் தானே இயந்திரம் எடுத்த முடிவாகும் என்று 2023 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. மென்பொருள் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அது தடையாகத் தோன்றவில்லை. விதிவிலக்கைக் கையாள ஒரு மனிதரை உட்காரவைக்கும் செலவு, நியாயமான செலவு.

நாமும் இதைச் செய்கிறோம். 'தமிழர்கள் கணக்கில் கெட்டி' என்று பக்கத்து வீட்டு ஜெர்மானியர் சொல்லும்போது நெளிகிறோம். 'இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் ஒட்டாது' என்று நாமே சொல்லும்போது நெளிவதில்லை. பாட்டியுடன் தொலைபேசியில் தட்டுத்தடுமாறிப் பேசும் பிள்ளையின் தமிழ் அந்தச் சராசரியில் இரைச்சலாகக் கழிந்துபோகிறது.

கொரோனா வைரஸின் உள்ளே ஆர்.என்.ஏ.வும் புரதமும் மணி மணியாகத் திரண்டிருக்கின்றன, ஒன்றில் இருப்பதுபோல் மற்றொன்றில் இல்லை. அதைக் காண ஒரே துகளைச் சாய்த்துச் சாய்த்துப் பல கோணங்களில் படமெடுக்கிறார்கள். படம் மங்கலாகத்தான் வரும், நேரமும் பிடிக்கும். ஆனால் அது அந்த ஒரு துகளின் படம். கூட்டத்துக்கு விதி வகுப்பவர் சராசரியைப் பார்க்கட்டும். ஒருவரின் கதவைத் திறப்பதா மூடுவதா என்று தீர்மானிப்பவர் இந்த மங்கலான படத்துக்கு நேரம் ஒதுக்கியாக வேண்டும்.