பறிபோன கைக்கு யார் பொறுப்பு?

கள்ளக்குறிச்சிச் சீமையில் மக்காச்சோளமும் மரவள்ளியும் கரும்பும் விளைகின்றன. அறுவடைக் காலத்தில் உள்ளூர்க் கூலியாட்களோடு கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருவோரும் இயந்திரங்களின் முன் நிற்கிறார்கள். கதிரடிக்கும் இயந்திரம் ஒருவரின் கையை இழுத்துக்கொண்டால், முதலில் எழும் பேச்சு “பார்த்து வேலை செய்திருக்க வேண்டாமா?” என்பதுதான். அந்தக் கேள்வி நியாயமற்றது. கதிரைத் தள்ளும் ஊட்டுவாய் குறைந்தது 90 சென்டிமீட்டர் நீளம் வேண்டும், அதில் 45 சென்டிமீட்டர் மூடியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கை சுழலும் உருளையை எட்டக் கூடாது என்பதே அதன் நோக்கம். மணிக்கணக்கில் தூசியில் நின்று தள்ளும் உடம்பு ஒரு நொடி அசரத்தான் செய்யும். நீண்ட ஊட்டுவாயில் அந்த அசதி ஒன்றுமில்லாமல் போகும். குட்டையானதில் கையே போகும். அசதி ஒன்றுதான், விளைவு வேறு. வேறுபாட்டை உண்டாக்கியது இயந்திரம். அதைத் தேர்ந்தெடுத்தவர் முதலாளி, கூலியாள் அல்ல.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே வெறும் கவனக்குறைவைச் சாக்காக ஏற்கவில்லை. குடிபோதை, வேண்டுமென்றே விதியை மீறுதல், தெரிந்தே பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றுதல் ஆகியவற்றை மட்டும் விலக்காக வைத்தது. உயிரே போனாலோ நிரந்தரமாக முழுதும் முடங்கினாலோ அந்த விலக்கும் செல்லாது. இடது கையை இழந்த ஒரு தச்சருக்கு, தச்சுவேலையே இனி முடியாது என்பதால் இழப்பு நூறு சதவீதம் என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இரு கையாலும் கதிரை அள்ளிப் பிழைப்பவருக்கும் இந்த நியாயம் பொருந்தும்.

கடன் வாங்கி ஒரே இயந்திரத்தை வாடகைக்கு ஓட்டுபவர் இழப்பீட்டுக்கு எங்கே போவார்? இந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது. ஆனால் டீசலும் பெல்ட்டும் மணி வாடகையில் சேர்வதுபோல் காப்பீட்டுத் தவணையும் சேரலாம். அது சேராதபோது அந்தச் செலவு மறைந்துவிடுவதில்லை. வட்டிக்கு வாங்கி வைத்தியம் பார்க்கும் கூலியாளின் வீட்டில் போய் விழுகிறது. தாங்க முடியாதவர் என்று ஒருவரை விடுவித்து, அவரைவிடத் தாங்க முடியாதவர் தலையில் சுமத்துவது எப்படி அறமாகும்?

மருத்துவமனை வாசலில் சிறு தொகையைக் கொடுத்து, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று கைநாட்டு வாங்குவதும் தீர்வல்ல. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அப்படிக் கைநாட்டு வைத்தவர்களும் கோரலாம். விபத்து நடந்த இரண்டு ஆண்டுக்குள் இழப்பீட்டுக்கான உரிய அதிகாரியிடம் மனு கொடுங்கள்.